ஜினெத்தின் உள்ளங்கையில் விழுந்த வசனங்கள்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். இப்போது அங்கே பொறுப்பாக இருப்பவள். நான் ஓய்வு பெறும் காலத்தில் வேலைக்கு வந்தவள்.

“மதாம் யோகா, மெசியே பெக்குக்கு வாழ்நாள் விருது குடுக்கினமாம். கேள்விப்பட்டீங்களோ?”

கேள்விப்படாமல் இருப்பேனா? அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அந்தக் கொரியப் பட இயக்குநரின் பேச்சுத்தான். கோயிலில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கூடத் திரும்பி, “உங்கட கொரியாக்காரருக்கு இன்னுமொரு பரிசாம், அக்கா” என்று வாழ்த்துச் சொன்னார். நானே பெற்று வளர்த்து ஆளாக்கிவிட்டது போல எனக்கும் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

அந்தப் பிள்ளை அழைத்தது வேறொரு காரியத்துக்காக. இப்போது படத்தின் பேச்சை இயந்திரமே கேட்டு, தானே மொழிபெயர்த்து, தானே கீழே எழுத்தாகப் போட்டுவிடுகிறது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் இளையவர்களுக்கு, இதையெல்லாம் ஒரு மனுசி கதிரையில் இருந்து கையால் செய்தாள் என்றால் நம்ப முடியவில்லையாம். வந்து ஒரு மணி நேரம் கதைக்கச் சொன்னாள். போனேன், கதைத்தேன். நன்றாகக் கேட்டார்கள், நல்ல கோப்பியும் தந்தார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் முழுதாகச் சொல்லி முடியாத ஒரு விஷயம் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்க முன்னர் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வருபவர்கள் உண்மையில் பேசியது பிரெஞ்சும் கொரிய மொழியும். நான் அவர்கள் எல்லோரையும் யாழ்ப்பாணத் தமிழ் பேச வைக்கப் போகிறேன். அடுத்தவர் வாய்க்குக் கீழே வேறு மொழியைப் போட்டுத்தான் நான் காலம் முழுக்கச் சம்பளம் வாங்கினேன். பழக்கம் விடுமா?

ஊரில் தட்டச்சுப் பழகியிருந்தேன். மொன்றியலுக்கு வந்து பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குடியேறினோம். என் கணவர், இவர் என்றே சொல்லிப் பழக்கம், புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியசாலையில் வேலைக்குப் போனார். மகள் தர்சினி பள்ளிக்கூடம் போனாள். எனக்கு, படங்களுக்குச் சப்டைட்டில் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில், மொழிபெயர்ப்பாளர் எழுதியதைக் கணினியில் அடித்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. ஒரு மாரிக் குளிரில் அங்கே வேலை செய்த ஒருத்தி பனியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். அவளுடைய கதிரையில் என்னைத் தூக்கி வைத்தார்கள். நான் அதை விட்டு எழுந்தது ஓய்வு பெற்ற அன்றுதான்.

வேலை இதுதான். திரைப்பட விழாவுக்கு வரும் படங்களின் பிரதியில் எழுத்து எதுவும் இருக்காது. அடுத்த வாரம் அதே பிரதி வேறு நாட்டுக்குப் பறக்கும். அதனால் அதன் மேல் நாங்கள் கை வைக்க முடியாது. திரைக்குக் கீழே நீளமாக ஒரு கறுப்புப் பட்டை கட்டுவோம். அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை, ஒரு கணினி, ஒரு மங்கல் விளக்கு, பக்கத்தில் சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு புரொஜெக்டர். நடிகர் வாயைத் திறந்ததும் நான் ஒரு பொத்தானைத் தட்டவேண்டும். பட்டையில் மேலே பிரெஞ்சும் கீழே ஆங்கிலமுமாக அந்த வரி விழும். அவர் பேசி முடித்ததும் இன்னொரு தட்டு, வரி அழியும். படம் முடியும் வரைக்கும் இதேதான். இன்றைக்கு ஹங்கேரியப் படம், நாளைக்கு ஜப்பானியப் படம், மறுநாள் பாரசீகப் படம். ஒன்றும் எனக்குத் தெரியாத மொழி. இருமல் வந்தாலும் இரும முடியாது. ஒரு வரி பிந்தினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஆளாள் வாய்க்குள் மாறிப் போய் விழும்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் மதாம் ஜினெத். அவரைப் பற்றிக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லவேண்டும். கியூபெக் நாட்டுப்புறத்தில் பிறந்த மனுசி. நெடிய உருவம், கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் சிவப்புக் கண்ணாடி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நான் பழகத் தொடங்கிய காலத்தில் எனக்குப் பின்னால் நின்று, கதிரையின் முதுகில் ஒரு கையை வைத்திருப்பார். நான் அவசரப்பட்டுத் தட்டப் போகிறேன் என்று தெரிந்தால் மூக்கால் ஒரு மூச்சு விடுவார், அவ்வளவுதான். பிழை விட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தக் கண்ணாடியைத் துடைக்கும்போது, இதைவிட நாலு பேச்சுப் பேசியிருக்கலாமே என்று இருக்கும்.

அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது, “நடிகனுக்கு முன்னம் சனத்தைச் சிரிக்க வைக்காதையும்.” பகிடி எழுத்தில் முந்தி வந்துவிட்டால், நடிகர் வாய் திறக்கும் நேரத்தில் அரங்கம் சிரித்து முடித்திருக்கும். அவர் பாவம், செத்த வீட்டில் பகிடி விட்டவர் போல நிற்பார். இரண்டாவது, “பிழையான வரியைப் போடுறதிலும் பார்க்க வெறும் பட்டை நல்லது.” வழி தவறினால் இருட்டில் நில், தெரிந்த இடம் வந்ததும் மெல்ல ஏறிக்கொள். மொழி தெரியாவிட்டாலும் மூச்சு தெரியும் என்றார். பேசப் போகிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் முதலில் மூச்சை இழுப்பார். அதைப் பார்த்துத் தட்டப் பழகினேன்.

படத்தின் ஒளிநாடாவை முன்கூட்டியே தருவார்கள். வீட்டில் போட்டுப் பழகவேண்டும். சோறு குழைத்துக்கொண்டே இவரும் தர்சினியும் உலகத்துப் படங்களெல்லாம் பார்த்தார்கள். இவர் விடும் விமர்சனம் பெரிதாக இருக்கும்.

மெசியே பெக்கின் முதல் படம் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. தென்கொரியாவில் ஒரு நகரம். லிஃப்ட் திருத்தும் ஒரு மனிதன், அவனோடு பேசாத ஒரு மனைவி. பெரிய கதை ஒன்றும் இல்லை. இவர் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் பார்த்தார்.

“இவன் ஆரப்பா, எங்கட வீட்டுக்குள்ள வந்து ஒளிச்சிருந்து எடுத்தவன் மாதிரி இருக்கு?” என்றார்.

விழாவில் அந்தப் படத்துக்கு மிகச் சின்ன அரங்கம் கொடுத்தார்கள். பாதிக் கதிரை வெறும் கதிரை. விளக்கு அணைந்த பிறகு ஒல்லியாக, பெரிய கோட்டுப் போட்ட ஒருவர் வந்து என் மேசைக்கு நேர் முன்னால் கடைசி வரிசையில் இருந்தார். படம் ஓடுகிறது, இந்த மனிதர் திரையையே பார்க்கவில்லை. முன்னால் இருக்கும் தலைகளைப் பார்த்தபடி இருக்கிறார். யாரோ விசர் மனுசன் என்று நினைத்தேன்.

படத்தில் ஓரிடம். மனைவி நான் உன்னை விட்டுப் போகிறேன் என்கிறாள். அவன் வெகு நேரம் பேசாமல் நிற்கிறான். இரண்டு தரம் மூச்சை இழுத்து இரண்டு தரமும் வெளியே விட்டுவிடுகிறான். மூன்றாவது மூச்சில்தான், “அப்ப அந்த மீனுக்கு ஆர் சாப்பாடு போடுறது?” என்று கேட்கிறான். வீட்டில் பழகும்போதே அந்த இரண்டு பொய் மூச்சையும் பார்த்து வைத்திருந்தேன். விரலை இறுக்கிப் பிடித்தேன். அவன் வாய் அசைந்த பிறகுதான் வரி விழுந்தது. அந்தப் பாதி அரங்கமும் குலுங்கிச் சிரித்தது. முன்னால் இருந்த மனிதர் முதன்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

படம் முடிந்ததும் அவர், மொழிபெயர்ப்புக்கு வந்த கொரிய மாணவி மீனாவையும் கூட்டிக்கொண்டு மேசைக்கு வந்து, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். அவர்தான் இயக்குநர்.

“நாலைஞ்சு நாட்டில இந்தப் படத்தைப் போட்டாச்சாம்,” என்றாள் மீனா. “எல்லா இடத்திலயும் சனம் அந்த மனுசன் கதைக்க முன்னமே சிரிச்சிட்டுதாம். இங்கதான் அவனுக்குப் பிறகு சிரிச்சதாம். உங்களுக்கு நன்றியாம்.”

யாருக்கும் தெரியாமல் நன்றாகச் செய்யவேண்டிய வேலை எங்களுடையது. நன்றாகச் செய்தால் நாங்கள் இருப்பதே தெரியாது. அதைக் கண்டுபிடித்து வந்து ஒருவர் நன்றி சொன்னது எனக்கு அதுவே முதல் தரம். நானும் பிரெஞ்சில் நன்றி சொல்லி, “மெர்சி, மெர்சி” என்றேன். அந்தப் படத்துக்கு எந்த விருதும் கிடைக்கவில்லை.

இரண்டாவது படத்தோடு சில வருடம் கழித்து வந்தார். அதற்கு இங்கே ஒரு சின்னப் பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்தால் வேலை செய்த எல்லோரையும் இருத்திச் சாப்பாடு கொடுப்பது அவர் வழக்கம். பெரியவர் சின்னவர் பார்க்கமாட்டார். ஜினெத்தும் நானும் போனோம். ஷெர்புரூக் தெருவில் ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடை, மேசை நடுவிலேயே அடுப்பு, அதில் இறைச்சி வாட்டிச் சாப்பிடுவார்கள். எனக்கு அன்று வெள்ளிக்கிழமை. நான் மச்சம் தொடமாட்டேன். வெறும் சோற்றையும் முட்டைக்கோவா ஊறுகாயையும் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அந்த ஊறுகாயிலும் மீன் போடுவார்கள் என்று மீனா காதுக்குள் சொன்னாள். அதையும் தள்ளி வைத்தேன்.

அவர் கவனித்துவிட்டார். தலைகளையே பார்த்துப் பழகிய மனிதர் அல்லவா? ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். சொன்னேன். வெள்ளிக்கிழமையை அவருக்கு விளங்கப்படுத்த மீனா பட்ட பாடு வேறு கதை. அவர் தலையை ஆட்டிவிட்டுக் கடைக்காரரைக் கூப்பிட்டு அடுப்பை அணைக்கச் சொன்னார். வாட்டி வைத்த இறைச்சியை எல்லாம் எடுப்பித்தார்.

“இண்டைக்கு இந்த மேசைக்கு வெள்ளிக்கிழமை,” என்றார்.

மேசையில் இருந்த தயாரிப்பாளரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பாவம், பசியோடு வந்தவர். எல்லோரும் காளானும் கத்தரிக்காயும் அவித்த சோயாக் கட்டியும் சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர் சிரிப்பை அடக்க முடியாமல், “உம்மை இனி ஒருத்தரும் சாப்பாட்டுக்குக் கூப்பிடமாட்டினம்” என்றார். எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த மதிப்பு அன்றைக்கு இன்னும் ஒரு படி ஏறியது.

இனி மூன்றாவது படம். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

இந்த முறை போட்டிப் பிரிவு, பெரிய அரங்கம், நடுவர் குழு. ஆனால் மெசியே பெக் முன்னைப் போல இல்லை, முகம் வாடியிருந்தார். முந்திய இரண்டு படத்துக்கும் அவருடைய நாட்டில் ஆள் வரவில்லையாம். இதுவும் வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த படத்துக்கு ஒருவரும் கை கொடுக்கமாட்டார்கள், இதுவே கடைசிப் படமாகிவிடும் என்று தயாரிப்பாளர் சொல்லியே அனுப்பியிருந்தார். மீனா இதை எங்களுக்கு மெதுவாகச் சொன்னாள்.

கதை இதுதான். கொரியாவில் ஒரு துறைமுக ஊரில் வலை பின்னுகிற ஒரு மனிதன். வறுமையில் தன் கைக்குழந்தையை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுத்தவன். அந்தக் குழந்தை முப்பது வயதுப் பெண்ணாக ஒரு நாள் தகப்பனைத் தேடி வருகிறாள். அவளுக்குக் கொரிய மொழியில் ஒரு சொல் தெரியாது, பிரெஞ்சு மட்டும்தான். இப்படித் தத்து எடுத்து வந்த பிள்ளைகள் இந்தக் கியூபெக்கிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கொரிய முகம், சுத்தமான கியூபெக் பிரெஞ்சு. படத்தில் பகல் முழுக்கப் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், தகப்பனும் மகளும் ஏதோ மரியாதைக்குப் பேசுகிறார்கள். கடைசியில் அந்த மொழிபெயர்ப்பாளர் பஸ்ஸுக்குப் போய்விடுகிறார். சமையல் செய்யும் குசினியில் தகப்பனும் மகளும் மட்டும். அவன் பழம் ஒன்றைச் சீவிக்கொண்டே பேசத் தொடங்குகிறான். ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடிக்கும் நேரம் விடாமல் பேசுகிறான். அவள் முகத்தைப் பார்த்தபடி இருக்கிறாள்.

போட்டி அன்று மத்தியானம் வெறும் அரங்கில் ஒத்திகை பார்த்தோம். அந்தக் குசினிக் கட்டம் வந்தது. வரிகளை எழுதிய எங்கள் மொழிபெயர்ப்பாளர் தன் கடமையைச் சரியாகச் செய்திருந்தார். தகப்பனுடைய பேச்சு முழுவதும் வரி வரியாக இருந்தது. நானும் என் கடமையைச் செய்தேன். நாலாவது வரி விழுந்திருக்கும், மெசியே பெக் கதிரையில் இருந்து துள்ளி எழுந்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். படத்தை நிற்பாட்டினார்கள்.

“இந்த இடத்தில எழுத்து வேண்டாமாம்,” என்றாள் மீனா. “பட்டை இருட்டா இருக்கட்டுமாம்.”

ஜினெத் கண்ணாடியைக் கழற்றினார். “ஏலாது. போட்டிப் படத்தில ஒவ்வொரு வசனமும் நடுவர்மாருக்குத் தெரியவேணும். அது விழாவின்ர விதி. எழுத்து இல்லையெண்டால் அவையள் கருவி பழுதெண்டு நினைப்பினம். இவற்ற படம்தான் கெட்டுப் போகும்.”

மீனா அதைச் சொல்ல, மெசியே பெக் மெதுவாகப் பதில் சொன்னார். மீனா அதைக் கேட்டு, எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

“மகளுக்கு விளங்காது எண்டு தெரிஞ்சபடியாத்தான் அந்த மனுசன் வாயைத் திறக்கிறானாம். எழுத்து வருமெண்டால் அவன் கதைக்கமாட்டானாம்.”

 எனக்கு முன் அந்தக் குசினி மறைந்து, நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரியில் தர்சினியின் வகுப்பறை தெரிந்தது. பெற்றோர் சந்திப்பு. குழந்தைகளுக்கான சின்னக் கதிரையில் என்னை இருத்தி வைத்து ஆசிரியை பிரெஞ்சில் நிறையச் சொன்னார். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. அவருடைய கண்ணையும் கையையும் பார்த்தபடியே இருந்தேன். வீட்டுக்கு வந்து இவரிடம், “பிள்ளை நல்ல கெட்டிக்காரியாம். ரீச்சர் அப்பிடிப் புகழுறா” என்று சொன்னேன். பிறகு பிரெஞ்சு பழகி அதே ஆசிரியையைச் சந்தித்தபோதுதான் தெரிந்தது, பிள்ளை வகுப்பில் தினமும் நித்திரை கொள்கிறாள் என்று அன்றைக்கு அவர் முறையிட்டிருக்கிறார்.

மேலதிகாரி ஒரு முடிவு சொன்ன பிறகு நான் வாய் திறக்கிற ஆள் இல்லை. அன்று திறந்தேன். இந்தக் கதையை ஜினெத்துக்குச் சொன்னேன். “மதாம், நான் அந்தக் கதிரையில இருந்தனான்,” என்றேன். “ஒண்டும் விளங்காமல் ஒரு முகத்தைப் பாக்கிறதெண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும். சனமும் ஒருக்கால் அதில இருக்கட்டுமே.”

ஜினெத் முதலில் சிரித்தார், தர்சினியின் நித்திரையை நினைத்து. பிறகு கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நீங்கள் தந்த பாடம்தானே,” என்றேன். “பிழையான வரியை விட வெறும் பட்டை நல்லது.”

“என்ர சட்டத்தை எனக்கே படிப்பிக்கிறீர்,” என்றார். கோபம் இல்லை.

கடைசியில் அவர் சொன்ன ஒழுங்கு இது. வரிகளை நான் அழிக்கக் கூடாது. தகப்பன் பேசப் பேச, வழமை போலவே ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டு போகவேண்டும். அவர் என் பக்கத்தில் நின்று புரொஜெக்டரின் கண்ணாடிக்கு முன்னால் தன் கையை வைத்து மறைப்பார். பட்டை இருட்டாக இருக்கும். அரங்கில் குழப்பம் வந்தால், நடுவர்கள் எழுந்தால், அந்தக் கணமே அவர் கையை எடுத்துவிடுவார். அப்போது சரியான வரி சரியான இடத்தில் இருக்கவேண்டும்.

“மறைச்சது என்ர கை,” என்றார். “நாளைக்கு ஆரும் கேட்டால் யோகா ஒரு வரியும் விடேல்லை எண்டு நான் சொல்லுவன். வேலை போறதெண்டால் என்ர வேலை போகட்டும்.”

அவர் அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் காணாதது போல விளக்கைச் சரிசெய்தார்.

பின்னேரம் அரங்கம் நிரம்பி வழிந்தது. புரோசார்டில் இருந்து ஒரு கொரியத் தேவாலயத்துச் சனம் கூட்டமாக வந்து நடுவில் இருந்தது. நடுவர்கள் முன்னால். மெசியே பெக் வழக்கம் போலக் கடைசி வரிசையில், எனக்கு நேர் முன்னால்.

குசினிக் கட்டம் வந்தது. அவன் கத்தியை எடுத்தான், மூச்சை இழுத்தான். ஜினெத் கையை வைத்தார். நான் தட்டினேன்.

அரங்கத்துக்கு விழவேண்டிய வரி ஜினெத்தின் உள்ளங்கையில் விழுந்தது. அவ்வளவு கிட்டத்தில் எழுத்து எழுத்தாகத் தெரியாது, வெளிச்சமாக மட்டும் தெரியும். நான் தட்டத் தட்ட அந்தக் கை மினுங்கியது, அணைந்தது, மினுங்கியது. கீழே பட்டை கறுப்பாகவே இருந்தது.

முதல் இரண்டு மூன்று வரிக்கு அரங்கம் திரையையே பார்த்தது. பிறகு கதிரைகள் கிறீச்சிட்டன. யாரோ இருமினார்கள். ஒரு ஆண் குரல், “சூ-தித்ர்!” என்று கத்தியது. இந்த நகரத்தில் எழுத்து வராவிட்டால் அப்படித்தான் கத்துவார்கள், எழுத்து எங்கே என்று. இன்னும் இரண்டு பேர் சேர்ந்து கத்தினார்கள். தலைகள் திரும்பி எங்கள் மேசையைப் பார்த்தன. முன் வரிசையில் நடுவர் ஒருவரும் பாதி எழுந்து திரும்பினார். திரையில் அந்த மனிதன் பழத்தைச் சீவியபடி பேசிக்கொண்டே இருக்கிறான்.

ஜினெத்தின் விரல்கள் விலகின. விரல்களுக்கு நடுவால் வெளிச்சம் கசிந்து பட்டையில் ஒரு மூலையில் விழுந்தது. எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். எடுத்திருந்தால் அவரில் பிழை சொல்லமாட்டேன். மெசியே பெக் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய பிடரி மட்டும் எனக்குத் தெரிந்தது. ஒரு மனிதன் தன் கடைசிப் படம் கைவிட்டுப் போவதை அசையாமல் இருந்து பார்ப்பதை நான் அன்றுதான் கண்டேன். நான் தட்டுவதை நிறுத்தவில்லை.

அப்போது நடைபாதை ஓரத்தில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயதிருக்கும். மழைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் இருந்திருக்கிறாள். முகம் கொரிய முகம். வாயில் வந்தது ஜினெத்தின் ஊர்ப் பக்கத்துப் பிரெஞ்சு.

“பேசாமல் இருங்கோ!” என்றாள். “எனக்கும்தான் விளங்கேல்லை!”

அரங்கம் அப்படியே அடங்கிவிட்டது. அவள் திரும்பக் கதிரையில் இருந்தாள். அந்த அமைதியில், நடுவில் இருந்த தேவாலயத்துச் சனத்தில் ஒரு பெண் விம்முவது கேட்டது. அவர்களுக்கு அந்தத் தகப்பன் சொல்வது விளங்குகிறது. பக்கத்தில் இருந்தவர்கள் திரையில் இருந்த முகத்தையும், தங்களுக்குப் பக்கத்தில் அழுகிற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவரும் பிறகு எழுத்துக் கேட்கவில்லை. அவன் பேசி முடித்து, சீவிய பழத்தை மகளுக்கு நீட்டினான். அவள் வாங்கி, “மெர்சி, பாப்பா” என்றாள், நன்றி அப்பா என்று. நான் அந்த வரியைத் தட்டினேன். ஜினெத் கையை எடுத்தார்.

விளக்கு வந்ததும் பார்த்தேன், அவருடைய உள்ளங்கை சிவந்து கன்றிப் போயிருந்தது. அந்தச் சின்னப் புரொஜெக்டர் சும்மாவே அடுப்பு மாதிரிக் கொதிக்கும். மெசியே பெக் வந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கி, அதன் மேல் குனிந்து, வெகு நேரம் நிமிரவில்லை. மழைச் சட்டைப் பெண்ணைத் தேடினோம். அதற்குள் போய்விட்டாள்.

நடுவர்களின் பெரிய பரிசு அந்தப் படத்துக்குத்தான். அவர்கள் எழுதிய குறிப்பில் குசினிக் கட்டத்தைத்தான் புகழ்ந்திருந்தார்கள். விதியை மீறியதற்காக ஜினெத்தை விழா அலுவலகத்துக்கு அழைத்தார்கள். போய் வந்து கண்ணாடியைத் துடைத்தார். என்ன நடந்தது என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. வேலை போகவில்லை.

அதற்குப் பிறகு மெசியே பெக் ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரியும். அடுத்த படம் ஐரோப்பாவின் பெரிய விழாவில் முதல் பரிசு வாங்கியது. அதற்கடுத்த படம் அமெரிக்கா வரை போய் அவரைத் தங்கச் சிலையோடு நிறுத்தியது. அந்த விருது மேடை உடுப்பிலும் மனிதர் அதே பெரிய கோட்டுப் போட்டவர் மாதிரித்தான் எனக்குத் தெரிந்தார். எந்த மேடையிலும் தன்னைப் பற்றிப் பேசியது குறைவு. ஒலிப்பதிவுக்காரரையும் சாப்பாடு சமைத்தவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மொன்றியலுக்கு வந்தால் இன்றைக்கும் கடைசி வரிசைதான். விருது இத்தனை வாங்கியவர்களில், இருட்டில் ஒரு விரல் சரியான நேரத்தில் அசைந்ததைக் கவனிக்கக் கூடிய இன்னொருவரை நான் காணவில்லை.

வாழ்நாள் விருதுச் செய்தி வந்த அன்று ஜினெத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். “படம் மறந்து போச்சு,” என்றார். “கை எரிஞ்சது மறக்கேல்லை.”

நான் கதைக்கப் போன அன்றைக்கு இளையவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். அந்தத் தகப்பன் என்ன சொன்னான், நீங்கள் வாசித்தீர்கள்தானே என்று. வாசித்தேன்தான். சொல்லமாட்டேன் என்றேன். இயந்திரத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். நல்லது, என் முதுகு நோவுக்கு அது அப்போதே வந்திருக்கலாம் என்றேன். சிரித்தார்கள். உண்மையாகத்தான் சொன்னேன்.

போன ஞாயிறு லவாலில் தர்சினி வீட்டுக்குப் போனோம். விருதை முன்னிட்டு அவருடைய படங்கள் எல்லாவற்றையும் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கும்படி போட்டிருக்கிறார்கள். தர்சினிக்கு இப்போது நாற்பதை எட்டுகிறது. என்னோடு பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. மூன்றாவது படத்தைப் போட்டாள். இவர் ஐந்து நிமிடத்தில் நித்திரை. வகுப்பில் நித்திரை கொள்ள மகள் யாரிடம் பழகினாள் என்று இப்போது தெரிந்திருக்கும்.

குசினிக் கட்டம் வந்தது. அவன் கத்தியை எடுத்தான், மூச்சை இழுத்தான். கீழே எழுத்து விழுந்தது. இயந்திரம் ஒரு சொல் விடாமல் போட்டிருந்தது. பிழை என்று சொல்ல முடியாது. அன்றைக்கு நான் தட்டிய அதே வரிகள்தான்.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்று, அந்த எழுத்தின் மேல் என் உள்ளங்கையை வைத்தேன். அந்தக் காலத்துப் பெட்டியா இது? சுவரில் பாதி. என் கை இரண்டு சொல்லைத்தான் மறைத்தது.

“அம்மா, என்ன செய்யிறீங்கள்?” என்றாள் தர்சினி. அடுத்த கணமே அவளுக்கு விளங்கிவிட்டது. சின்ன வயதில் எத்தனை தரம் கேட்ட கதை. எழுந்து வந்தாள்.

“உங்கட ஒரு கை காணாது,” என்றாள்.

சோபாவில் இருந்த நீளத் தலையணையை எடுத்து வந்து எழுத்தின் மேல் வைத்து, ஒரு பக்கத்தை என்னிடம் தந்து, மறுபக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டாள். அந்த எழுத்தை நிறுத்த ரிமோட்டில் ஒரு பொத்தான் இருக்கிறதாம். எங்கள் இரண்டு பேருக்கும் அது அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. தகப்பன் பேசி முடிக்கும் வரை நானும் என் மகளும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றோம்.